வெட்டுத் துண்டு இலவசம்; வேலை நேரம் இலவசமல்ல

கல்முனைக் கடைத்தெருவில் தையல் கடைகள் இருக்கும் ஒழுங்கைகளால் வியாழக்கிழமை மாலை நடந்து சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு சாக்கு, அது நிறையத் துணித் துண்டுகள். அபாயா தைக்கும் கடையின் சாக்கு முழுவதும் கறுப்பாக இருக்கும். பாடசாலைச் சீருடை தைப்பவரின் சாக்கு வெள்ளையாக இருக்கும். கல்யாண உடுப்பு தைப்பவரின் சாக்கில் சரிகையும் சாட்டினும் மின்னும். இவற்றில் ஒரு பங்கு குப்பை வண்டிக்குப் போகிறது. இன்னொரு பங்கை கராஜ்காரர்கள் எண்ணெய் துடைக்கக் கொண்டு போகிறார்கள். மிச்சம் கொளுத்தப்படுகிறது.

நான் தையல் சாமான் வியாபாரி. ஊசி, நூல், பட்டன், லேஸ், இலாஸ்டிக், சிப் என்று முப்பது வருடமாக விற்று வருகிறேன். துணியை வெட்டும்போது நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு மேசையிலேயே கழிந்து போகும் என்பது வெட்டுகிறவர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் ஆரம்பிக்கப்பட்டது முதல் இந்த நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. கூடவே இந்தக் கழிவும் மலையாகப் பெருகியது. அதைக் கிலோக் கணக்கில் வாங்கிக் கால்மிதி பின்னி விற்பவர்களை பஸ் நிலையங்களில் நாம் பார்க்கிறோம். நல்ல தொழில்தான். ஆனால் கால்மிதிக்குத் துணி கிலோக் கணக்கில் வேண்டும், விலையோ சொற்பம். உள்ளங்கை அளவுத் துண்டில் செய்யக்கூடிய வேறொரு பொருள் வகை இருக்கிறது. தைக்கிறவர்களுக்குத் தேவையான சின்னச் சின்னச் சாமான்களே அவை. குண்டூசி குத்தி வைக்கும் பின் குஷன், ஊசிகளைப் பக்கம் பக்கமாகச் செருகி வைக்கும் ஊசிப் புத்தகம், கத்தரிக்கோல் உறை, மெசின் மேசையில் தொங்கவிட்டு நூல் கழிவைப் போடும் சிறிய பை என்பன.

இது பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக எண்ணம். எழுதாமல் விட்டதற்குக் காரணம், இந்த விடயத்தில் நானே ஒரு தவறு செய்தவன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது சரியல்ல.

2016ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களில் எங்கள் பகுதிச் சகோதரி ஒருவர் கடைக்கு வந்தார். கணவர் நோயாளி. வீட்டில் தையல் மெசின் ஒன்று இருந்தது. சுனாமிக்குப் பின்னர் எமது கரையோர ஊர்களில் தையல் மெசின்கள் தாராளமாகப் பகிரப்பட்டன அல்லவா, அவற்றில் ஒன்று. மெசின் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நைட்டியையும் தலையணை உறையையும் தைக்கப் பழக்கிவிட்டுப் போனார்கள். ஒரே தெருவில் பத்துப் பேர் நைட்டி தைத்தால் வாங்குவது யார்? பல மெசின்கள் மூடியோடு மூலைக்குப் போயின. இந்தச் சகோதரி மாத்திரம் வேறு மாதிரி யோசித்திருந்தார். ஒரு ஷொப்பிங் பைக்குள் இருந்து 24 பின் குஷன்களை எடுத்து என் மேசையில் வைத்தார். சின்னத் தேங்காய்ச் சிரட்டையை நன்றாக உரசி மினுக்கி, அதற்குள் மருதமுனைக் கைத்தறித் துண்டில் செய்த பந்தை இறுக்கி ஒட்டியிருந்தார். பார்த்தவுடன் கை வைக்கத் தோன்றும்.

"என்ன விலை தங்கச்சி?" என்று கேட்டேன்.

"நீங்களே பாத்துப் போடுங்க காக்கா" என்றார்.

நான் பார்த்துப் போட்டேன். ஒன்றுக்கு 40 ரூபா. அதுவும் விற்ற பின்னர் தருவதாகச் சொன்னேன். கடையில் 90 ரூபா என்று எழுதி வைத்தேன். இரண்டு வாரத்துக்குள் 24உம் முடிந்தன. உடனே இன்னும் மூன்று டசின் கேட்டேன். கேட்டபோது ஒரு யோசனையும் சொன்னேன். "கொஞ்சம் பாரமா இருந்தா நல்லம், மேசையில அசையாம நிக்கும்." வியாபாரிக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் ஒக்டோபரில் மூன்று டசினையும் கொண்டு வந்தார். பாரமாகவே இருந்தன. அதற்குப் பிறகு மாரி தொடங்கியது. டிசம்பரில், சீருடைத் தையல் உச்சத்தில் இருந்த நேரம், எங்கள் நீண்ட நாள் வாடிக்கையாளரான ஒரு தையல்காரர் கோபத்துடன் கடைக்கு வந்து ஒரு வெள்ளைச் சட்டையை மேசையில் விரித்தார். கழுத்துப் பட்டியில் வரிசையாகத் துருக் கறை. பின் குஷனில் இருந்து எடுத்துக் குத்திய குண்டூசிகள் இரவோடிரவாகச் செய்த வேலை. வெள்ளைத் துணியில் துருப் பட்டால் என்ன ஆகும் என்று தைக்கிற வீட்டார் அறிவார்கள். ஒரு பிள்ளையின் சட்டை போய்விட்டது. துணியின் விலையைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

மிச்சமிருந்த குஷன் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கடற்கரை மணல். பாரம் வேண்டும் என்று நான் கேட்டேன், வீட்டில் இருந்து நூறு யார் நடந்தால் கடல், அவர் என்ன செய்வார்? கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மாரி காலத்தில் சொல்லவும் வேண்டுமா? குஷனுக்குள் குத்திய ஊசியின் நுனி ஈரத்திலேயே கிடந்திருக்கிறது.

மணலை மாற்றச் சொல்லலாம் என்று அவரைத் தேடிப் போனேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை. அவர் குஷன் செய்வதையே விட்டிருந்தார்.

"ரெண்டு பிள்ளைச் சட்டை தைச்சா அத விடக் கூட வருது காக்கா. குஷன் நல்லா விக்குது எண்டு நீங்க சொல்றீங்க. எனக்கு ஒண்டும் மிஞ்சல்லயே."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அதை அப்படியே இங்கே தருகிறேன். சிரட்டை உரசுவது, துணி வெட்டுவது, நிரப்புவது, ஒட்டுவது எல்லாமாக ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம் சென்றதாக அவர் சொன்னார். 24 குஷனுக்கு 18 மணித்தியாலம். நான் கொடுத்தது 960 ரூபா. கம், நூல், உரசும் தாள் என்று அவருக்குச் சுமார் 200 ரூபா செலவு. மீதி 760. அதை 18ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 42 ரூபா. அதே 24 குஷனில் எனக்கு வந்தது 1,200 ரூபா. நான் செய்த வேலை, அவற்றை அலுமாரியில் அடுக்கி வைத்தது.

இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. "துணி சும்மா வந்தது, சிரட்டையும் சும்மா வந்தது, 40 ரூபா கொடுத்தால் முழுவதும் இலாபம்தானே" என்று மனதில் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. அவரும் அப்படியே எண்ணித்தான் விலை சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். கழிவுப் பொருளில் தொழில் செய்கிற எல்லோரும் விழுகிற குழி இது. பொருள் சும்மா கிடைக்கும்போது, அதைப் பொருளாக்குகிற கையும் சும்மா கிடைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இந்தத் தொழிலில் மூலப்பொருளின் விலை மிகச் சிறிய பங்கு. ஏறத்தாழ முழு விலையும் நேரத்தின் விலைதான்.

ஆகவே இதைச் செய்ய விரும்பும் சகோதரிகள் முதலில் வாங்க வேண்டியது துணியல்ல, ஒரு கொப்பி. எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எத்தனை மணிக்கு முடித்தேன், எத்தனை முடிந்தது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அடுப்பில் சோறு கிடக்க எழுந்து போன நேரத்தைக் கழித்து எழுதுங்கள். பொய்யில்லாத கணக்காக இருக்க வேண்டும்.

நேரத்தைக் குறைப்பதற்கு வழி இருக்கிறது. ஒன்றை எடுத்துத் தொடங்கி முடித்து, பின்னர் அடுத்ததை எடுப்பது தவறான முறை. ஒரு நாள் முழுவதும் வெட்டுங்கள். அடுத்த நாள் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஓடு தையல் போடுங்கள். மூன்றாம் நாள் நிரப்பி இழுத்துக் கட்டுங்கள். கார்மெண்ட்ஸில் வேலை செய்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அங்கே ஒருவர் காலரையே நாள் முழுவதும் தைப்பார். இவ்வாறு செய்தால் முக்கால் மணித்தியால வேலை 25 நிமிடத்துக்கு வரும்.

இப்போது விலை. இன்றைய நிலையில் ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன், உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நிரப்பும் பொருள், கம், நூல், சுற்றும் மட்டை எல்லாம் 50 ரூபா. மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்தால் 25 நிமிடத்துக்கு ஏறத்தாழ 85 ரூபா. பழுதாவது, பஸ் செலவு 15 ரூபா. அடக்க விலை 150. அதற்கு மேல் 30 ரூபா வைத்துக் கடைக்கு 180க்குக் கொடுங்கள். கடைக்காரர் 240க்கு விற்கட்டும். கடைக்காரருக்கும் வாடகை, மின்சாரம், விற்காமல் கிடக்கும் சரக்கு என்று இருக்கிறது. நாங்களும் காற்றைக் குடித்து வாழ்வதில்லை. அந்த 30 ரூபாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூலி வேறு, இலாபம் வேறு. நீங்கள் கூலியாளும் முதலாளியும் ஒருவரே என்பதால் இரண்டையும் எடுக்க வேண்டும். இலாபம் இல்லாவிட்டால் புதுக் கத்தரிக்கோல் வாங்குவது எப்படி? 2022இல் ரூபா விழுந்தபோது இறக்குமதி ஊசியும் நூலும் இரவோடிரவாக ஏறின. கையில் ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் தொழில் செய்தவர்கள் அந்த ஒரு மாதத்திலேயே நின்று போனதை என் கண்ணால் பார்த்தேன்.

240 ரூபாவுக்கு யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் பெட்டியில் வரும் வெளிநாட்டுச் சாமான் அதைவிட மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். அதனால்தான் பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். வாங்குகிறவர்கள் தைக்கத் தெரிந்தவர்கள். பார்வைக்கு அழகாகச் செய்து அவர்களை ஏமாற்ற முடியாது. முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பின் குஷனுக்கு உயிர் அதன் உள்ளே இருக்கிறது. இலவம் பஞ்சு சுத்தமானது, ஆனால் மிருது. எவ்வளவு அடைத்தாலும் ஊசி சாயும், சின்ன ஊசி உள்ளே போய் ஒளிந்துவிடும். சோபா கடையில் கிடைக்கும் ஸ்பொஞ்சுத் துண்டு முதலில் நன்றாக இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் உதிர்ந்து மாவாகும். எனது அனுபவத்தில் எமது நாட்டுக்குச் சிறந்தது தச்சுப் பட்டறையின் மரத்தூள். அதை அப்படியே போடக் கூடாது. பச்சை மரத்தூளில் ஈரம் இருக்கும். அரித்தெடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, பிறகு பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து ஆற விட வேண்டும். கையில் பிடித்தால் சரசரவென்று உதிர வேண்டும். பழைய பருத்திச் சாரன் துண்டில் ஒரு சிறு பை தைத்து அதற்குள் தூளை அடைத்து, அதற்கு மேல்தான் அழகான துணி. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை குத்தும்போதும் தூள் வெளியே வரும். கட்டை விரலால் அமுக்கினால் விரல் உள்ளே போகாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். பாரத்துக்கு மணலை மறந்துவிடுங்கள். தட்டையான ஒரு கூழாங்கல்லை நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்துத் துணியில் சுற்றிச் சிரட்டையின் அடியில் வைத்தால் போதும்.

எனது உம்மம்மாவிடம் ஒரு ஊசிப் பந்து இருந்தது. கன்னங் கரேல் என்று, பார்க்க அழகில்லாத ஒன்று. அவர் சீப்பில் வந்த தலைமுடியைச் சேர்த்து அதற்குள் அடைத்திருந்தார். சிறு வயதில் எனக்கு அது அருவருப்பாக இருந்தது. ஆனால் அவர் ஊசி ஒருநாளும் துருப்பிடித்து நான் கண்டதில்லை. முடியில் இருந்த தேங்காய் எண்ணெய் ஊசிக்குக் காவல். மேல்நாடுகளிலும் அந்தக் காலத்தில் முடியையும் ஆட்டு உரோமத்தையும் இதற்குப் பாவித்திருக்கிறார்கள். அங்கே செய்யும் தக்காளி வடிவப் பின் குஷனில் ஒரு குட்டி ஸ்ட்ரோபெரி தொங்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பது எமரித் தூள், ஊசியைக் குத்தி எடுத்தால் கூர் தீட்டும்.

கையில் கட்டும் பின் குஷனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடியில் தடுப்பு இல்லாமல் செய்தால் அவசரத்தில் குத்தும் ஊசி நேரே மணிக்கட்டுக்குள் போகும். ஐஸ்கிரீம் பெட்டி மூடியை வட்டமாக வெட்டி இரண்டு மடிப்பாக அடியில் வைத்துத் தைக்க வேண்டும். இதற்கு எமது பெண்களிடம் தனிச் சந்தை ஒன்று இருக்கிறது. தைக்காதவர்கள் வீட்டிலும் ஸ்கார்ப் குத்தும் பின் இல்லாத வீடு உண்டா? கண்ணாடிக்குப் பக்கத்தில் சிதறிக் கிடக்கும், பிள்ளையின் காலில் ஏறும். கண்ணாடிச் சட்டத்தில் தொங்கவிடக் கூடிய தட்டையான குஷன் ஒன்றை அபாயாக் கடையின் கறுப்புத் துண்டிலேயே செய்யலாம். கறுப்புத் துண்டு எதற்கும் உதவாது என்று சாக்கோடு எறிகிறார்கள். வெள்ளி நிற ஊசி கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். நடுவே ஒரு சின்னச் சரிகைப் பூ தைத்தால் போதும்.

ஊசிப் புத்தகத்துக்கு மேல் அட்டை கைத்தறித் துண்டு, உள்ளே பழைய பிளானல் துண்டு. கத்தரிக்கோல் உறைக்குப் பழைய ஜீன்ஸ் காலின் அடிப்பகுதி. அங்கே துணி தேயாமல் இருக்கும், ஓரத் தையலும் ஆயத்தமாக இருக்கும். டீசேர்ட் துண்டுகளை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம், இழுபட்டு உருக்குலையும்.

துண்டு எடுக்கும் தையல் கடையுடன் உறவை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் போங்கள். நல்லதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை வாசலில் கொட்டாமல் முழுச் சாக்கையும் எடுத்துப் போங்கள். மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். சும்மா கொடுப்பவர், நீங்கள் அதில் உழைப்பதைக் கண்டதும் ஒருநாள் நிறுத்திவிடுவார். சல்லி வாங்குபவர் நிறுத்தமாட்டார்.

கைவேலை என்று பெருமையாகச் சொல்லி அதற்குரிய விலையைக் கேட்கிறவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. பார்பரா சன்சோனி 1964இல் கொழும்பில் ஆரம்பித்த பெயார்புட், குருநாகலில் 1991இல் ஆரம்பித்த செலின் ஆகியன கைத்தறித் துணியில் பொம்மையும் பையும் செய்து நல்ல விலைக்கு விற்கின்றன. எமது மருதமுனைத் தறியில் வரும் துணி அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் இதில் மாடி வீடு கட்டலாம் என்று யாருக்கும் நான் ஆசை காட்டமாட்டேன். ஒரு ஊரில் பின் குஷன் மாதத்துக்கு எத்தனை விற்கும்? தையல் வகுப்பு, பாடசாலைகளில் மனைப்பொருளியல் படிக்கும் பிள்ளைகள், கல்யாணப் பரிசு என்று தேடிப் போனால் கொஞ்சம் கூடும். மின்சார பில்லையும் பிள்ளையின் டியூஷன் காசையும் கட்டும் அளவுக்கு வரும். ஒரே தெருவில் பத்துப் பேர் தொடங்கினால் நைட்டிக்கு வந்த கதியே இதற்கும் வரும்.

அந்தச் சகோதரி திரும்ப வரவில்லை. நான் பழைய கணக்கில் விட்ட குறையைக் கொடுக்கப் போனபோதும் அரைவாசியைத்தான் எடுத்தார். கடந்த வருடம் அவருடைய மகள் வந்தாள். உயர்தரம் முடித்த பிள்ளை. அதே சிரட்டை, அதே மருதமுனைத் துணி, ஆனால் உம்மாவின் வேலையைவிட இறுக்கம். 180 ரூபா என்றாள். பழக்க தோஷம், 160க்குத் தரலாமா என்று கேட்டேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். திகதி, நேரம், மரத்தூள், கம், பஸ் என்று எல்லாம் எழுதியிருந்தது. நான் 180 என்று பில் எழுதிக் காசைக் கையில் கொடுத்தேன்.

கத்தரிக்கோல் உறை இருபது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நல்ல ஜீன்ஸ் துணி கிடைக்கும் வரை பொறுக்கட்டுமாம்.